ராஜாவின் சிவப்பு அங்கியும் ஒரு பீப்பாய் தண்ணீரும்

1779, ஜனவரி 26. பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவே இருக்கும் ஹவாய்த் தீவு. கியாலகெகுவா என்ற வளைகுடாவில் (பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!) இரண்டு இங்கிலீஷ் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நிற்கின்றன. கரையில் காப்டன் ஜேம்ஸ் குக். அவரைப் பார்ப்பதற்காகத் தீவின் ராஜா கலனியோபுவு பரிவாரங்களோடு படகுகளில் வந்து இறங்குகிறார். வயசானவர். நேராக வந்தவர், தன் தோளில் கிடந்த அங்கியைக் கழற்றி குக்கின் தோளில் போர்த்தினார். இறகுத் தொப்பி ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தார். இன்னும் ஐந்தாறு அங்கிகளைக் காலடியில் பரப்பினார்.

நம் ஊர் மேடைகளில் பொன்னாடை போர்த்துகிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். தன் ராஜ்ஜியத்திலேயே விலை உயர்ந்த பொருளைத்தான் அந்தக் கிழவர் தூக்கிக் கொடுத்தார். (மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 14-ம் தேதி அதே வளைகுடாவில் குக் கொல்லப்பட்டார். திருடுபோன ஒரு படகுக்காக அதே ராஜாவைப் பணயக்கைதியாகப் பிடிக்கப் போனதன் விளைவு! அது தனிக்கதை.)

நமக்கு வேண்டியது அந்த அங்கி. 'அஹு உலா' என்று பெயர். சிவப்பு ஆடை என்று அர்த்தம். 'ஒலோனா' என்ற செடியின் நாரில் மீன்வலை மாதிரி நுணுக்கமாக ஒரு வலை பின்னி, அதில் பறவைகளின் சின்னஞ்சிறு இறகுகளைக் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை! தள்ளி நின்று பார்த்தால் சிவப்பு வெல்வெட்டில் மஞ்சள் பிறைகளைத் தைத்த மாதிரி இருக்கும். கலனியோபுவு கொடுத்த அந்த ஒரு அங்கிக்கு மட்டும் சுமார் 20,000 பறவைகளின் இறகுகள் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது இங்கிலாந்துக்குப் போய், பலர் கைமாறி, 1912-ல் நியூஸிலாந்து மியூசியம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்து, கடைசியில் 2016-ல் ஹவாய்க்கே திரும்பி வந்தது. முதலில் இரவலாக, பிறகு 2020-ல் நிரந்தரமாக. நடுவில் 237 வருஷம் ஓடிவிட்டது. சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.

அந்தச் சிவப்புக்குச் சொந்தக்காரர்தான் இந்த வாரம் நம் ஹீரோ. பெயர் இஈவி. ஆமாம், அரிச்சுவடியில் 'இ... ஈ...' என்று படித்தோமே, அதேதான். இரண்டுக்கும் நடுவே தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறந்து, கடைசியில் ஒரு 'வி' சேர்த்தால் ஹவாய்க்காரர் சொல்கிற மாதிரி வந்துவிடும்.

ஆள் ரொம்பச் சின்னது, எடை இருபது கிராமுக்குள். உடம்பு முழுக்க ரத்தச் சிவப்பு. இறக்கையும் வாலும் கறுப்பு. அலகுதான் விசேஷம். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில், கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி கீழ்நோக்கி வளைந்து நீண்டிருக்கும். 'இந்த அழகுக்குக் குரல் எப்படி இருக்குமோ' என்று நீங்கள் எதிர்பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். விசில் உண்டு, குழைவு உண்டு. ஆனால் நடுநடுவே எண்ணெய் போடாத கதவைத் திறக்கிற 'க்ரீச்'சும் வரும். துருப்பிடித்த கீல் என்றுதான் பறவை ஆர்வலர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு தாளம் இருக்கிறது என்று பழகியவர்கள் சொல்கிறார்கள்.

இந்தப் பறவை அங்கே எப்படி வந்தது? ஹவாய் எரிமலைகள் கக்கிய தீவுக் கூட்டம். எந்தக் கண்டத்தோடும் ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. பக்கத்துக் கண்டம் என்றால் வட அமெரிக்கா, அதுவும் 3,800 கிலோமீட்டர் தள்ளி! நடந்து வரக்கூடிய எதுவும் அங்கே வந்து சேரவில்லை. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் தானாக வந்து குடியேறியது ஒரு வௌவால் மட்டும்தான். பல லட்சம் வருஷங்களுக்கு முன்னால், ஆசியாவைச் சேர்ந்த ரோஸ்ஃபின்ச் என்ற குருவியின் உறவுக்கூட்டம் ஒன்று புயலில் சிக்கியோ, வழி தவறியோ அங்கே போய் இறங்கியது. ரோஸ்ஃபின்ச் நமக்குப் புதுசு இல்லை. அதன் ஒரு வகை குளிர்காலத்தில் இமயமலை இறங்கி நம் மேற்குத் தொடர்ச்சி மலை வரைகூட வந்துபோகிறது. ஹவாயில் இறங்கிய அதன் சொந்தக்காரர்களுக்கோ போட்டிக்கு ஆளே இல்லை! ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் கிடைத்ததைச் சாப்பிட்டு, அதற்குத் தக்கபடி அலகு மாறி, ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களாகக் கிளை பிரிந்தன. கிளி மாதிரி அலகுள்ளவை, மரங்கொத்தி வேலை பார்த்தவை, தேன் குடித்தவை... பறவைகள் இத்தனை தினுசாகப் பிரிந்தாலும், ஒரே ஒரு ஜீவன் மட்டும் அந்தத் தீவுகளில் அதுவரை இல்லை. கொசு!

இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேவைப்படும்.

இஈவி வசிப்பது மலையின் மேகக் காட்டில். கடல்காற்று ஈரத்தைச் சுமந்துவந்து எரிமலைச் சரிவில் மோதி மேலே ஏறும்போது அது மேகமாகி மரங்களுக்கிடையே புகுந்துகொள்ளும். நீலகிரிச் சோலைக்காடுகளுக்குள் போனவர்களுக்கு அந்த மணம் தெரியும். பாசி, பெரணி, சொட்டிக்கொண்டே இருக்கும் இலைகள். ஹவாய்க் காட்டின் முக்கியமான மரம் ஓஹியா. நாவல், கொய்யாவெல்லாம் இதன் தூரத்துச் சொந்தம். எரிமலைக் குழம்பு ஆறிய கரும்பாறையில் முதலில் முளைக்கிற மரங்களில் இதுவும் ஒன்று. இதன் பூவுக்கு 'லேஹுவா' என்று தனிப்பெயர். இதழ் கண்ணுக்குத் தெரியாது, சிவப்பு மகரந்தக் காம்புகள் பவுடர் பஃப் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதைப் பறித்தால் மழை வரும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. எப்போதும் மழை பெய்கிற காட்டில் இந்த நம்பிக்கை பொய்க்க வாய்ப்பே இல்லை!

லேஹுவாதான் இஈவிக்குச் சோறு. ஆனால் கவனியுங்கள், லேஹுவா பூவோ திறந்த தட்டு. அதில் தேன் குடிக்க அரிவாள் அலகு எதற்கு? ஒரு காலத்தில் அந்தக் காடுகளில் லொபீலியா குடும்பத்துச் செடிகள் ஏராளமாக இருந்தன. அவற்றின் பூக்கள் நீளக் குழாயாக, அரிவாள் மாதிரியே வளைந்தவை. பூட்டுக்குச் சாவி மாதிரி பூவும் அலகும் ஒன்றுக்கொன்று பொருந்தி வளர்ந்தவை. பிறகு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ஆடு, மாடு, பன்றிகள் அந்தச் செடிகளை மேய்ந்து தீர்த்தன. இஈவி வேறு வழியில்லாமல் ஓஹியாவுக்கு மாறியது. நூறு வருஷத்துக்கு முன் மியூசியத்தில் பாடம் செய்து வைத்த இஈவிகளோடு இன்றைய இஈவிகளை 1990-களில் அளந்து பார்த்தார்கள். அலகு கொஞ்சம் குட்டையாகியிருந்தது! பூட்டு காணாமல் போனதும் சாவி தேய ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் இஈவி நல்ல பிள்ளை இல்லை. பூத்துக் குலுங்கும் ஒரு கிளையைப் பிடித்துவிட்டால் அது அதன் சொத்து. 'அபபானே' என்று இன்னொரு சிவப்புத் தேன்குருவி உண்டு, எண்ணிக்கையில் அதிகம். அது பக்கத்தில் வந்தால் போச்சு, துரத்தோ துரத்தென்று துரத்தும். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை, ஓஹியா நன்றாகப் பூக்கும் சமயமாகப் பார்த்துக் குடித்தனம். மரத்தின் உச்சாணிக் கிளையில் கிண்ணம் மாதிரி கூடு, பெரும்பாலும் இரண்டே முட்டை, சுமார் 14 நாள் அடைகாப்பு. வெளியே வரும் குஞ்சுகளைப் பார்த்தால் 'இது யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்பீர்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள்! ஆரம்பத்தில் வந்த ஐரோப்பிய விஞ்ஞானிகள் இதை வேறு இனம் என்றே நினைத்தார்கள். ஹவாய்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். 'இஈவி போலெனா' என்று குஞ்சுக்கு வேறு பெயரே வைத்திருந்தார்கள்.

இதன் பழக்கங்களில் மிக முக்கியமானது, பூவைத் தேடி அலைவது. ஓஹியா எல்லா உயரத்திலும் ஒரே சமயத்தில் பூப்பதில்லை. இந்த மாசம் மலை உச்சியில், அடுத்த மாசம் நடுமலையில், அப்புறம் அடிவாரத்துக்குக் கிட்டே. பூ போகிற பக்கமெல்லாம் இஈவியும் பல கிலோமீட்டர் பறந்து மலையேறும், மலையிறங்கும். அதன் பிழைப்பே அதுதான். பின்னால் அதன் குடியைக் கெடுத்ததும் இதேதான்.

அதற்கு முன் ராஜாக்கள் செய்ததைப் பார்த்துவிடலாம். பழைய ஹவாயில் பறவை பிடிப்பது ஒரு தொழில், பரம்பரைக் கலை. 'கியா மனு' என்பவர்கள் வாரக்கணக்கில் காட்டில் தங்குவார்கள். பூத்த கிளைகளில் மரப்பாலால் செய்த பசையைத் தடவிவிட்டு, பறவையின் குரலிலேயே கூப்பிடுவார்கள். அது வந்து உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் இறகுக்கான 'மாமோ', 'ஓஓ' பறவைகள் உடம்பில் கறுப்பு. நாலைந்து மஞ்சள் இறகுகளைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிடலாம். முதலாம் கமேஹமேஹா ராஜா, 'என் பிள்ளைகளுக்கும் இறகு வேண்டும், பறவையைப் பறக்க விடுங்கள்' என்கிற அர்த்தத்தில் கட்டளை போட்டதாகவும் சொல்வார்கள். ஆனால் எல்லாப் பறவையும் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவருடைய மஞ்சள் அங்கி ஒன்றுக்கே சுமார் 80,000 மாமோக்கள் கணக்கு! இஈவிக்கு அந்தச் சலுகைகூட இல்லை. உடம்பு முழுக்கச் சிவப்பாச்சே... எதை விட்டுவைப்பது? தோலோடு உரித்தார்கள். ஜனங்கள் ராஜாவுக்கு வரியையே இறகாகக் கட்டினார்கள். 1778-ல் குக் முதல்முறை கவாய்த் தீவில் இறங்கியபோது, இஈவித் தோல்களை இருபது முப்பதாகக் கட்டி, மூக்கில் குச்சி சொருகி, கடைச்சரக்கு மாதிரி விற்க வந்தார்களாம்.

தலைமுறை தலைமுறையாக இப்படிப் பிடித்தும் இஈவி தீர்ந்துபோகவில்லை! இதுதான் இந்தக் கதையில் ஆச்சரியம். கடற்கரையோரக் காட்டிலிருந்து மலைமேல் மரங்கள் முடியும் இடம் வரை, எல்லாப் பெரிய தீவுகளிலும் அது இருந்தது. ராஜாக்களின் ஆசையைத் தாங்கிக்கொண்டது. 1826-ஐ அதனால் தாங்க முடியவில்லை.

1826-ல் 'வெலிங்டன்' என்ற கப்பல் மெக்ஸிகோவின் சான் ப்ளாஸ் துறைமுகத்திலிருந்து வந்து, மாவித் தீவில் லஹைனாவில் நின்றது. (2023 ஆகஸ்டில் காட்டுத்தீயில் பொசுங்கியதே, அதே ஊர்தான்.) மாலுமிகள் குடிதண்ணீர் பிடிக்கப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டுமானால் அடியில் மிச்சம் கிடக்கும் பழைய தண்ணீரைக் கொட்ட வேண்டுமல்லவா? ஓடையில் கொட்டினார்கள். அதில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. கொஞ்ச நாளில் உள்ளூர்க்காரர்கள் அங்கிருந்த பாதிரியாரிடம் வந்து, காதுக்குள்ளே பாட்டுப் பாடுகிற ஒரு புதுப்பூச்சி வந்திருப்பதாகச் சொன்னார்கள். பாவம், அதுவரை கொசுக்கடியே அறியாத ஜனங்கள்!

அந்தப் பூச்சி யார் தெரியுமா? நமக்கு ரொம்ப வேண்டப்பட்டவர்தான். க்யூலெக்ஸ் க்வின்க்யூஃபேஸியேட்டஸ் என்று வாய் வலிக்கப் பெயர். சென்னையில் விளக்கணைத்ததும் காதருகே 'ஙொய்' என்று ஆரம்பிக்கிறதே, சாக்கடையும் கூவமும் வளர்த்துவிடுகிற சாதாரண வீட்டுக் கொசு, அதேதான். ஒரு காலத்தில் கும்பகோணத்துக்கு யானைக்கால் நோயால் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்ததும் இதே கொசு.

'கொசு பறவையைக் கடிக்குமா?' என்று கேட்கலாம். இந்த வகைக்கு மனுஷனைவிடப் பறவை ரத்தத்தில் குறைந்த ருசி ஒன்றும் இல்லை. ராத்திரி தூங்கும் பறவையின் கண்ணைச் சுற்றியும் காலிலும் இறகில்லாத இடம் பார்த்து உட்கார்ந்துவிடும். ஆனால் வெறும் கடியால் யாரும் சாவதில்லை. கிருமி வேண்டும். அது எப்படி வந்தது? பெரும்பாலும் வெளியூர்ப் பறவைகளின் ரத்தத்தில். பயிரைத் தின்னும் புழுக்களை ஒழிக்க 1865-ல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள், நம்ம மைனாவை! இன்று ஹவாயில் நீங்கள் இறங்கினால் முதலில் வரவேற்பது அநேகமாக மைனாவாகத்தான் இருக்கும். 1930-ல் 'ஹுயி மனு' என்று ஒரு சங்கம் தொடங்கி, ஊருக்குள் பறவைச் சத்தமே இல்லாமல் போச்சே என்று வருத்தப்பட்டு வெளிநாடுகளிலிருந்து பாடும் பறவைகளை வரவழைத்தார்கள். நல்ல எண்ணம்தான். அந்த மௌனத்துக்கு ஒரு காரணம், இப்படி வந்த விருந்தாளிகள் சுமந்துவந்த நோய் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அந்த நோய் பறவை மலேரியா. கிருமி பிளாஸ்மோடியம் ரெலிக்டம். இங்கேதான் கதை சட்டென்று கல்கத்தாவுக்குத் தாவுகிறது. 1897-ல் செகந்திராபாத்தில், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸை நமக்குத் தெரியும். அடுத்த வருஷம் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனார். அங்கே பிளேக் பீதி. வெள்ளைக்கார டாக்டர் ஊசியோடு வந்தாலே ஜனங்கள் ஓடினார்கள். மனுஷ ரத்தம் கிடைக்காததால் ராஸ் பறவைகளுக்கு மாறினார். சிட்டுக்குருவிகளைக் கூண்டில் வைத்து, கொசுக்களைக் கடிக்க விட்டு, அந்தக் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். 1898 ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமியைக் கண்டார். மலேரியா எப்படிப் பரவுகிறது என்ற ரகசியம் முழுசாக உடைந்தது. 1902-ல் நோபல் பரிசு. அவர் கையாண்ட கிருமி எது தெரியுமா? அதே பிளாஸ்மோடியம் ரெலிக்டம். கொசு? அதே க்யூலெக்ஸ்! ஹவாய்ப் பறவைகளைக் கொன்றது யார், எப்படி என்பதற்கான விடை கல்கத்தாவில் ஒரு லேபரட்டரியில் 1898-லேயே எழுதப்பட்டுவிட்டது. அதே வருஷம்தான் ஹவாய்த் தீவில் மாமோ பறவையைக் கடைசியாகப் பார்த்தார்கள்.

இரண்டையும் முடிச்சுப்போட எழுபது வருஷம் பிடித்தது. 1890-களில் அங்கே ஆராய்ச்சிக்குப் போன பெர்கின்ஸ் போன்றவர்கள் ஓஹியா மரங்களில் பறவைகள் மொய்த்துக் கிடந்ததை எழுதிவைத்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு தீவாக, அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி, காடு அமைதியாகிக்கொண்டே போனது. காட்டை வெட்டினார்கள், எலி வந்தது, பூனை வந்தது எல்லாம் உண்மை. ஆனால் வெட்டாத காட்டிலும், பூ பூத்த காட்டிலும் பறவை இல்லையே, ஏன்?

ரிச்சர்ட் வார்னர் என்ற விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். கொசுவே இல்லாத லேஸான் என்ற தூரத்துத் தீவிலிருந்து ஒரு வகைக் குருவிகளைப் பிடித்து, கொசு புகாதபடி துணி சுற்றிய கூண்டில் வைத்துக் கொண்டுவந்தார். சிலவற்றைத் துணியை எடுத்துவிட்டு அடிவாரத்தில் வைத்தார். துணிக்குள் இருந்தவை பிழைத்தன. வெளியே வைத்தவை சில வாரங்களில் ஒன்றுவிடாமல் செத்தன. 1968-ல் இதை வெளியிட்டபோதுதான் உலகத்துக்கு விஷயம் உறைத்தது. இஈவியின் நிலைமை எவ்வளவு மோசம் என்பது 1995-ல் தெரிந்தது. பத்து இஈவிகளை, ஒவ்வொன்றுக்கும் கிருமியுள்ள ஒரே ஒரு கொசுவின் கடி மட்டும் படுகிற மாதிரி வைத்துப் பார்த்தார்கள். ஒன்பது இறந்துவிட்டன. ஒரே கடி! சோதனை கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் கொசு எப்பேர்ப்பட்ட கொலைகாரன் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

நம் ஊர்ச் சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் இதே கிருமி வந்தால் கொஞ்ச நாள் சோர்ந்து கிடந்துவிட்டு எழுந்துவிடும். எத்தனையோ ஆயிரம் தலைமுறைப் பழக்கம். இஈவியின் வம்சம் கொசுவே இல்லாத வீட்டில் செல்லமாக வளர்ந்தது. கிருமி சிவப்பணுக்களைத் தின்றுகொண்டே போக, பறவை ரத்தம் வற்றி, சாப்பிடாமல், சுருண்டு உட்கார்ந்து உயிரை விடுகிறது.

அப்படியானால் இஈவி இன்னும் மிச்சமிருப்பது எப்படி? குளிர்! சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் கொசுவின் உடம்பில் இந்தக் கிருமி வளராது. ஹவாயில் ஏறக்குறைய 1,500 மீட்டருக்கு மேலே கொசுவும் குறைவு, நோயும் குறைவு. மேகக் காட்டின் மேல்பகுதி, கண்ணுக்குத் தெரியாத கொசுவலை போட்ட மாடி அறை மாதிரி ஆகிவிட்டது. இஈவி அங்கேயே அடங்கிக் கிடந்தால் கவலையில்லை. ஆனால் கீழே ஓஹியா பூத்திருக்கிறதே! பூவின் பின்னால் மலையிறங்குகிற அந்தப் பழைய பழக்கம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. பூவுக்காக இறங்குகிறது, ஒரு ராத்திரி தங்குகிறது, கடிபடுகிறது.

போதாக்குறைக்கு பன்றிகள். காட்டுப்பன்றிகள் மரப்பெரணியின் தண்டைக் குடைந்து உள்ளேயுள்ள மாவைத் தின்றுவிடும். குடைந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். குளமே இல்லாத மலைக்காட்டில் கொசுவுக்கு ஆயிரக்கணக்கில் தொட்டி கட்டிக்கொடுத்த மாதிரி ஆயிற்று. அதற்கும் மேலே, பூமி சூடாகச் சூடாக அந்த 13 டிகிரிக் கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கவாய்த் தீவின் உச்சந்தலையே 1,598 மீட்டர்தான். அதற்கு மேல் பறவை எங்கே போகும்? 25 வருஷத்தில் அந்தத் தீவின் இஈவிகள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. அதே தீவில்தான் ஓஓ இனத்தின் கடைசிப் பறவை, பெட்டையைத் தேடி இடைவெளி விட்டு விட்டுப் பாடியதை டேப்பில் பதிவு செய்தார்கள். இடைவெளி, பெட்டை பதில் பாட்டு பாடுவதற்காக. கடைசியாக அதன் குரல் கேட்டது 1987-ல். 2023-ல் அமெரிக்க அரசு அதையும் சேர்த்து 8 ஹவாய்ப் பறவைகள் அழிந்துவிட்டன என்று முறைப்படி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஐம்பதுக்கும் மேலே இருந்த தேன்குருவி இனங்களில் இன்று மிச்சம் 17.

இஈவியின் நிலைமை மற்றதைப் பார்க்கத் தேவலை. 2013-ல் வந்த கணக்குப்படி மொத்தம் ஏறக்குறைய ஆறு லட்சம், அதில் பத்தில் ஒன்பது பங்கு பெரிய தீவான ஹவாயில். ஆறு லட்சம் என்றால் ஏராளம் ஆச்சே என்று தோன்றும். மலையின் மேல்பகுதியில் ஒரு பெல்ட் மாதிரி ஒடுங்கிக் கிடக்கிற ஆறு லட்சம்! லனாய்த் தீவில் அடியோடு இல்லை. ஓஹாவு, மொலோகாய் தீவுகளில் விரல்விட்டு எண்ணலாம். 2017-ல் இதை ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். இதற்கிடையே 2014-ல் அடையாளம் காணப்பட்ட ஒரு பூஞ்சை, ஓஹியா மரங்களையே லட்சக்கணக்கில் பட்டுப்போக வைத்துக்கொண்டிருக்கிறது. பட்ட காலிலேயே படும் என்பார்களே!

காப்பாற்ற என்ன செய்கிறார்கள்? மௌனகெயா மலைச்சரிவில் 1985-ல் ஹகலாவு காட்டைச் சரணாலயமாக்கினார்கள். வேலி போட்டுப் பன்றிகளை விரட்டி, மாடு மேய்ந்து மொட்டையான நிலத்தில் திரும்ப மரம் நட்டார்கள். இஈவி அங்கே நிலைத்திருக்கிறது. ஆனால் கொசு வேலி தாண்டுமே?

எனவே கொசுவை வைத்தே கொசுவை ஒழிக்கிற திட்டம். பூச்சிகளின் உடம்பில் வோல்பாகியா என்று ஒரு பாக்டீரியா குடியிருக்கும். ஒரு ரக வோல்பாகியா உள்ள ஆண்கொசு, வேறு ரகம் உள்ள பெண்கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. அவ்வளவுதான் சூட்சுமம். ஆண்கொசு யாரையும் கடிக்காது என்பதால் பயமும் இல்லை. இது ஏதோ இன்றைய அமெரிக்க மூளை என்று நினைத்துவிடாதீர்கள். 1967-லேயே பர்மாவில், ரங்கூன் பக்கத்தில் ஓக்போ என்ற கிராமத்தில் ஹானஸ் லாவன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதே க்யூலெக்ஸ் கொசுவை இதே தந்திரத்தால் சில மாதங்களில் ஒழித்துக் காட்டினார். 1970-களில் டெல்லியிலும் ஆண்கொசுக்களை வைத்துக் கொசுவை ஒழிக்கும் ஆராய்ச்சி நடந்தது. 'இது உயிரியல் யுத்தத்துக்கு ஒத்திகை' என்று பத்திரிகையிலும் பார்லிமெண்டிலும் புயல் கிளம்பி 1975-ல் மூட்டை கட்டினார்கள். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பீதி என்று இன்னொரு நாள் பேசலாம். நம் யானைக்கால் ஒழிப்புக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய ஒரு வித்தை அரைநூற்றாண்டு தூங்கிவிட்டது என்பது என் வருத்தம்.

2023 நவம்பரில் மாவித் தீவின் மேகக் காட்டில் அதை எழுப்பிவிட்டார்கள். ஹெலிகாப்டரிலிருந்து, பிறகு டிரோன்களிலிருந்து, மட்கிப்போகும் சின்னச் சின்னக் கூடுகளில் ஆண்கொசுக்களை அடைத்து வாரத்துக்கு லட்சக்கணக்கில் மரங்களின் மேல் போடுகிறார்கள். அப்புறம் கவாயிலும் ஆரம்பித்தார்கள். ஒருமுறை போட்டால் போதாது. காட்டுக் கொசுக்களில் ஆண்களைவிட இவர்கள் போடும் ஆண்கள் எப்போதும் பல மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். மழையிலும் மூடுபனியிலும் டிரோன் பறக்க முடியாத நாட்கள் நிறைய. வேலை நடந்துகொண்டிருக்கிறது. பிப்ரவரி பிறந்தால் கீழ்ச்சரிவுகளில் லேஹுவா சிவக்க ஆரம்பிக்கும். இஈவிகள் வழக்கம்போல இறங்கி வரும்.